கடிதத்தில் இல்லாத பெண்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவர் மஸ்கட்டில். ஒரே மகன், ஒன்பதாம் வகுப்பு. ஷிப்மென்ட் சமயத்தில் நான் வீடு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிடும். போன மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பையன்கள் சிலர் வாட்ஸ்அப் குரூப் வைத்து, கூடப் படிக்கும் பெண்களின் போட்டோவைப் போட்டு மார்க் கொடுத்துக் கமெண்ட் அடித்திருக்கிறார்கள். என் மகனும் அதில் இருக்கிறான். "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்கிறான். அதே வாரம்தான் தோழி சொன்னாளே என்று நெட்ஃப்ளிக்ஸில் 'அடோலசன்ஸ்' தொடரைப் பார்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. 13 வயதுப் பையன், கூடப் படிக்கும் பெண்ணைக் கொலை செய்யும் வரை போகிறான், பெற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நானும் பிள்ளையைக் கவனிக்காத அம்மாதானா? "நீ வேலைக்குப் போகாம இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா" என்கிறார் நாத்தனார். போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா? என் மகனையும் ஒருநாள் போலீஸ் வந்து இழுத்துப் போகுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். விடியற்காலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு நுழைவதும், பயத்தில் அந்தப் பையன் உடுப்பிலேயே சிறுநீர் விட்டுவிடுவதும் இங்கிலாந்துக் கதை. அங்கே 10 வயது ஆனாலே குற்றத்துக்குப் பொறுப்பு உண்டு. இங்கே 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது ஆகாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நீங்கள் எழுதியிருக்கிற அளவில் இது பள்ளிக்குள் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்தான். ஒன்றை மட்டும் மகனிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: அந்தப் படங்களில் எதையாவது யாராவது ஆபாசமாக மாற்றினார்களா? ஆம் என்றால் அது வேறு விவகாரம். போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் வந்துவிடும். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு அடுத்த அடி வையுங்கள். எப்படியிருந்தாலும் அந்தப் படங்களை 'பாருங்க, என்ன பண்ணியிருக்கான்' என்று யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், நாத்தனாருக்கும்தான்.

தொடருக்கு வருவோம். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். மூச்சுவிட இடம் கொடுக்காமல் எடுத்திருக்கிறார்கள். உங்கள் தூக்கம் போனதில் பாதிப் பங்கு கேமராவுக்கு உண்டு.

கவனிக்காத பெற்றோரைப் பற்றிய கதை என்று பலரும் அதைச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா எடி, குழாய் வேலை பார்ப்பவர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் திரும்ப எட்டு ஆகும். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர் இல்லை. தன் அப்பா தன்னை அடித்ததுபோல் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தவர். அம்மாவுக்கு இரவு ஒரு மணிக்கும் மகன் அறையில் விளக்கு எரிவது தெரியும். அறைக்குள்தானே இருக்கிறான், பத்திரமாகத்தானே இருப்பான் என்று இருந்துவிட்டார்கள். நம்மூரில் முக்கால்வாசி வீடு இதுதான். அதே வீட்டில், அதே அப்பா அம்மாவிடம்தான் அக்கா லீசாவும் வளர்ந்தாள். அவள் தங்கமான பெண். ஆகவே, வேலைக்குப் போனதால் ஆயிற்று என்ற கணக்கு அந்தத் தொடரிலேயே உதைக்கிறது. நம் சட்டம்கூட, வேண்டுமென்றே பிள்ளையைப் புறக்கணிப்பவரைத்தான் தண்டிக்கிறது. ஷிப்மென்ட் முடித்து வீட்டுக்கு வருவது அதில் வராது.

ஆனால் ஒரு இடம் இருக்கிறது, அங்கே நீங்கள் நின்றே ஆக வேண்டும். எடி மகனைக் கால்பந்துக்குக் கூட்டிப் போவார். பையனுக்கு ஆட்டம் வராது. மற்ற அப்பாக்கள் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் எடி மகனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாம் பகுதியில் மனநல நிபுணரிடம் பையனே இதைச் சொல்கிறான், நான்காம் பகுதியில் அப்பாவும் ஒப்புக்கொள்கிறார். இருவருக்கும் அது நினைவிருக்கிறது, இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் மோசமான அப்பா இல்லை. மகன் அவமானப்பட்டு நின்ற நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை, அவ்வளவுதான். உங்கள் மகன் இப்போது அப்படி ஒரு நேரத்தில்தான் இருக்கிறான். பள்ளியில் பிடிபட்டுவிட்டான், அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. "எல்லாரும் போட்டாங்க" என்பது திமிர் மாதிரி கேட்கும். எனக்கென்னவோ, அந்தக் குரூப்பில் தன்னை யாராவது கிண்டல் செய்துவிடுவார்களோ என்ற பயமும் அதில் பாதி இருக்கும் என்றே படுகிறது. 'அந்தக் குரூப்பில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். திட்டுகிற தொனி வேண்டாம்.

போனைப் பிடுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்ப்பான். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிடலாம் என்று நினைத்தால், அதிலும் சிக்கல் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் விசாரணை அதிகாரி, செத்துப்போன பெண் இன்ஸ்டாகிராமில் அந்தப் பையனுக்குப் போட்ட எமோஜிகளைப் பார்த்து, இருவரும் நட்பாகத்தான் இருந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்தான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சிவப்பு மாத்திரைக்கு என்ன அர்த்தம், இதயத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் என்ன அர்த்தம் என்று சொல்லித் தருவான். அந்தப் பெண் போட்டது அத்தனையும் கேலி. கொலை வழக்கு விசாரிக்கிற போலீஸ்காரருக்கே புரியாதது, ராத்திரி ஒன்பதரை மணிக்குக் களைத்துப்போய் வரும் உங்களுக்கா புரிந்துவிடப் போகிறது? உளவு பார்ப்பதைவிட, மகனைச் சொல்லித் தரச் சொல்லுங்கள். வேண்டுமானால் அந்த இரண்டாம் பகுதியை அவனோடு உட்கார்ந்து பாருங்கள், 'இதெல்லாம் உங்க ஸ்கூல்லயும் இருக்கா?' என்று கேளுங்கள். இரவு பத்துக்கு மேல் வீட்டில் எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லார் போனும் என்றால் உங்களுடையதும்தான்.

அப்புறம், உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். மகன் இருக்கிறான், நீங்கள் இருக்கிறீர்கள், நாத்தனார் இருக்கிறார், போலீஸ்கூட வந்துவிட்டது. மார்க் வாங்கிய அந்தப் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை பேர், அவர்களுக்கு விஷயம் தெரியுமா, இப்போது பள்ளிக்கு வருகிறார்களா, எதுவும் இல்லை. தொடரிலேயே பெண் காவலர் ஒருவர் இதைத்தான் ஆதங்கமாகச் சொல்வார்: கடைசியில் எல்லாருக்கும் அந்தப் பையனைத்தான் நினைவிருக்கும், செத்துப்போன கேட்டியை யாரும் நினைக்கப் போவதில்லை என்று. அந்தக் கேட்டிக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவளுடைய அந்தரங்கப் படம் பையன்கள் கையில் பரவியது. அவள் கூனிக்குறுகிப் போயிருக்கிற நேரத்தில் கேட்டால் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தப் பையன் ஜேமி அவளிடம் போகிறான். போட்டோவில் தொடங்கிய கதைதான் அது. உங்கள் மகன் கொலைகாரனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைத்துக் குமையவும் வேண்டாம். ஆனால் பெண்ணின் படத்தைப் போட்டு மார்க் போடுவதை வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த வாரமே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. அரை நாள் லீவு போட்டாவது போங்கள். குரூப்பில் என்ன இருந்தது என்று அவனே அவரிடம் சொல்லட்டும், அதற்கு முன்னால் அவசரப்பட்டு எதையும் அழித்துவிட வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து ஒரு நாடகம் வேண்டாம். அது அவனை வன்மம் பிடித்தவனாக்கும், அந்தப் பெண்களையும் இன்னொரு முறை காட்சிப்பொருளாக்கும். அவர்கள் நேரில் கேட்க விரும்புகிறார்களா, எழுதித் தந்தால் போதுமா, எதுவுமே வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

அவன் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, அறையைவிட்டு வெளியே வராமல் இருந்தாலோ, உங்களுக்கே தூக்கம் திரும்பாவிட்டாலோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகள் தாங்களே கூப்பிட 1098 இருக்கிறது. அந்த எண்ணை அவனிடமும் சொல்லி வையுங்கள்.

நாத்தனார் விஷயம். நீங்கள் வேலைக்குப் போனதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர், அண்ணனோ தம்பியோ, மஸ்கட்டில் இருக்கிறவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! சண்டைக்காகச் சொல்லவில்லை. அவரும் அப்பாதான். இந்த விஷயம் அவருக்குத் தெரியுமா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. மறைத்திருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று மகனிடம் தனியாக, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் வீடியோ காலில் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிஷம் பையன் 'ம்', 'சரிப்பா' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான். அதற்காக அவர் போனை வைத்துவிட வேண்டாம்.