இந்தப் பிள்ளைக்கு 35 போதுமா?

பதிலளிப்பவர்: வடசென்னைப் பள்ளிகளில் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை.

கொருக்குப்பேட்டைத் தாய்: பத்தாம் வகுப்பில் என் மகனை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நல்லதா அம்மா?

கூடுதல் நேரம் ஒதுக்கச் சேர்த்தால் நல்லது. பாடத்தைக் குறைக்கச் சேர்த்தால் கெடுதல். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், மனப்பாடம் செய்தால் தேர்ச்சிக்கான 35 வந்துவிடும் என்று ‘மினிமம் மெட்டீரியல்’ என்ற ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுப்போம். அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்ட ஒரு பையன், “மிஸ், இதுல முக்கோணவியலே இல்லையே?” என்றான். அவன் தந்தை துறைமுகத்தில் சுமை தூக்குபவர். பட்டியல் போட்டபோது, அவனுடைய மதிப்பெண்ணைவிட அவன் வீட்டைப் பற்றிய எங்கள் எண்ணமே முன்னால் நின்றது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பட்டியலை மாதந்தோறும் மாற்றுகிறார்களா என்று கேளுங்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்: பழியெல்லாம் எங்கள் மீதா? பாதிப் பேர் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு, ஈரம் காயாத சீருடையோடு ஓடிவரும் சிறுமியைப் பொறுப்பற்றவள் என்று வாசலில் நிறுத்துகிறோம்; காரில் வரும் பிள்ளை தாமதித்தால் போக்குவரத்து நெரிசல் என்கிறோம். நம் எண்ணம் பிள்ளையின் படிப்பையே மாற்றக்கூடும். அமெரிக்காவில் ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த பெயர்களை ‘வேகமாக முன்னேறப் போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள்.

அதே ஆசிரியர்: அந்த ஆய்வு கடும் விமர்சனத்துக்கு உள்ளானதே?

உண்மை. விளைவு அவ்வளவு பெரிதல்ல என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் சிறிய விளைவும் பத்தாண்டுக் காலம் நாள்தோறும் ஒரே பிள்ளை மீது விழுந்தால் என்னவாகும் ஐயா? ஐம்பது பேர் கொண்ட வகுப்பின் சுமையை நான் மறுக்கவில்லை. யாரிடம் கடினமான கேள்வி கேட்கிறோம், யாரைத் துடைப்பம் எடுத்துவரச் சொல்கிறோம் என்பது வகுப்பின் அளவைப் பொறுத்ததல்ல.

காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடியிலிருந்து மூன்று பெற்றோர்: அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

மூவருக்கும் ஒரே பதில்தான்: பள்ளியின் பெயரைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் நோட்டைத் திறந்து, அதில் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணூர் மாணவி: மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு எனக்கு உண்டா?

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2020-இல் வந்த அந்த மருத்துவ உள் ஒதுக்கீடு உனக்கும் உண்டு. ஆனால் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். ‘மினிமம் மெட்டீரியல்’ அதற்குப் போதாது. முழுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படி, கண்ணு.