ஏஐ சீட்டுக்கு வளையலை அடகு வைக்காதீர்கள்

போன வாரம் சென்னைப் புறநகர் முடிச்சூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தது. அப்பா, அம்மா, ப்ளஸ் டூவில் கணக்குப் பிரிவு படிக்கும் மகள், கூடவே தீர்ப்பை வீட்டிலேயே எழுதி எடுத்து வந்த சித்தப்பா. "ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்தான் சார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்திருக்கிறேன்" என்றார். அம்மா வளையலைத் திருகிக்கொண்டே இருந்தார்.

முதல் ஐந்து நிமிடம் நானும் பயப்படாதீர்கள் என்றுதான் சொன்னேன். அப்புறம் அந்தப் பெண் மொபைலைக் காட்டினாள். 2015-ல் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. இப்போது மூன்று மழைக்காலமாக எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கூகுள் மேப்பில் குறித்து வைத்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, மார்க்கும் இல்லை.

அம்மா, நேராகவே சொல்கிறேன். இந்தப் பெண்ணுக்கு பி.பிளான் என்று ஒரு படிப்பு இருக்கிறது. நான்கு வருடம், நகரத் திட்டமிடல். நிலப் பயன்பாடு, போக்குவரத்து, குடிநீர், வீட்டுவசதி, கூடவே சட்டமும் பொருளாதாரமும். டெல்லி, போபால், விஜயவாடா மூன்று ஊர்களிலும் மத்திய அரசின் எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. ஜேஇஇ மெயினில் பேப்பர் 2பி எழுத வேண்டும். கணக்கு, ஆப்டிட்யூட், திட்டமிடல் சார்ந்த கேள்விகள், அவ்வளவுதான். கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்குக்கான 2ஏ போல படம் வரைய வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் 2பியைத் தனியாக டிக் செய்ய வேண்டும், பல பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

"அப்போ ஏஐ?" என்றார் சித்தப்பா. ஏஐ அங்கேயும்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது சார். ஐம்பது ஏக்கர் நிலம், இவ்வளவு பூங்கா, இவ்வளவு சாலை அகலம் என்று கொடுத்தால் ஜெனரேட்டிவ் ஏஐ பத்து விதமாக மனைப்பிரிவு போட்டுக் காட்டும். எது நிழல் தரும், எது காற்றை அடைக்கும் என்று அன்றைக்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாஸ்டர் பிளானுக்கு வரும் ஆயிரக்கணக்கான ஆட்சேபனை மனுக்களை வகை பிரித்துச் சுருக்கித் தரும். ஆனால் மே மாதச் செயற்கைக்கோள் படத்தில் வற்றிக் கிடக்கும் ஏரி அதற்கு வெறும் காலி மனை. வருவாய்த் துறையின் நில வரைபடமான புலப்படத்தையும், நில விவரம் எழுதிய அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்த்து, "இது நீர்நிலைப் புறம்போக்கு, உபரி நீர் வழியும் கலங்கல் இந்தப் பக்கம், இங்கே வீடு வந்தால் அடுத்த தெரு முழுகும்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்தவளுக்கு ஏஐயைக் கற்றுக்கொடுப்பது சுலபம். ஏஐ மட்டும் தெரிந்தவருக்குத் தண்ணீரைக் கற்றுக்கொடுக்க எத்தனை மழைக்காலம் ஆகுமோ!

வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்விதான். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் அதிகமான திட்டமிடுநர்கள் தேவை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களோ 4,000-ஐக்கூடத் தொடவில்லை, அதிலும் நிறைய காலி. சென்னைப் பெருநகரப் பரப்பு 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. அத்தனைக்கும் யாராவது திட்டம் போட்டாக வேண்டும். அதற்காக அரசு வேலை அடுத்த நாளே வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அறிவிப்புகள் இஷ்டத்துக்குத்தான் வரும். ஆரம்பச் சம்பளமும் சாஃப்ட்வேர் பக்கத்தில் நல்ல இடம் பிடித்தவரை எட்டாது. முதலில் கன்சல்டன்சிகளில் சேர்ந்து வேலை பழக வேண்டியிருக்கும்.

பணம் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பெயரில் ஏஐ இருக்கிறது என்பதற்காக ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள், ரசீது கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் நிச்சயமாகக் கட்டாதீர்கள். வளையல் கையிலேயே இருக்கட்டும். பாப்பா, நீ க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை இறக்கிக்கொள், இலவசம்தான். அந்த மூன்று வருடத் தண்ணீர்க் கணக்கை அதில் ஏற்று. அடுத்த முறை சித்தப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த வரைபடத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வா.