தளர்ந்த வயதில் சர்க்கரை நோய்: நடை மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, நாள்பட்ட சுகர். தினமும் மெதுவாக நடக்கிறார். ஆனாலும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்லலாமா?

பதில்: நடையை விட வேண்டாம். ஆனால் அவருக்குக் குறைவது நடை இல்லை, தொடை வலு. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். அது கரையக் கரைய சுகரும் அடங்காது, விழுந்துவிடும் பயமும் கூடும்.

கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்று உள்ளிழுத்து, நன்றாக முன்னால் சாய்ந்து எழட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது. மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல இறங்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்த இறக்கத்தைத்தான். 5 முறை, ஓய்வு, மறுபடி 5 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். சுலபமானதும் கை ஊன்றுவதைக் குறைக்கலாம்.

கேள்வி: பாட்டிக்கு 88. இனிமேல் தசை வலுவாகுமா?

பதில்: ஆகும். 1990இல் வெளியான பாஸ்டன் (அமெரிக்கா) ஆய்வில், முதியோர் இல்லத்திலிருந்த 90 வயதையொட்டியவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு இரண்டு மடங்கைத் தாண்டியது. 'வயசாச்சு, பேசாம படுங்க' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

கேள்வி: அம்மா இன்சுலின் போடுகிறார். பயிற்சியால் லோ சுகர் வருமா?

பதில்: வரலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளிலும் வரும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அபாயம் மிகக் குறைவு. தொடங்குமுன் சோதியுங்கள். 90க்குக் கீழே என்றால் 15 கிராம் மாவுச்சத்து கொடுத்து, ஏறிய பிறகே ஆரம்பியுங்கள். 250க்கு மேல் போய் உடம்பும் முடியவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். அன்றிரவுகூட சுகர் இறங்கலாம், கவனம். வயதானவர்களுக்கு நடுக்கம், படபடப்பு தெரியாமலே போகலாம். பேச்சு குழறினாலோ, திடீரென்று குழம்பினாலோ உடனே சோதியுங்கள். அடிக்கடி இறங்கினால் மருந்தளவை மருத்துவர் குறைக்கட்டும், நீங்களாகக் குறைக்காதீர்கள். தளர்ந்த முதியவர்களுக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8 வரை இருந்தாலும் பரவாயில்லை என்றே பல மருத்துவர்களும் சொல்வார்கள்.

கேள்வி: மாமனாருக்குப் பாதம் மரத்துவிட்டது, விழித்திரையிலும் ரத்தக்கசிவு. செய்யலாமா?

பதில்: கண் மருத்துவர் சம்மதிக்கும்வரை எடை தூக்கவே வேண்டாம். சம்மதித்தாலும் மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது, தலைகீழாகக் குனியக் கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் பாதத்தை விரல் இடுக்குவரை பாருங்கள். புண் இருந்தால் உட்கார்ந்தபடி கைப் பயிற்சி மட்டும்.