டிஏசிக்குத் தனியாக மாஸ்டர் கிளாக் வாங்கினால் ஜிட்டர் குறையுமா?

வாங்காதீர்கள். டிஏசி என்பது டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி. அதற்குத் தாளம் கொடுப்பது கிளாக், அந்தத் தாளம் நூலிழை முன்பின் ஆவதுதான் ஜிட்டர். உங்களிடம் ஒரே ஒரு டிஏசி, அதற்குப் பாட்டை அனுப்ப ஒரு சிடி டிரான்ஸ்போர்ட் (சிடியைப் படித்துத் தரவை மட்டும் அனுப்பும் கருவி) அல்லது கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வெளிக் கிளாக் ஸ்டூடியோவுக்கானது. அங்கே பத்துக் கருவிகள் ஒரே தாளத்தில் ஓடியாக வேண்டும். வீட்டு டிஏசிக்கு அதன் சிப்புக்குப் பக்கத்திலேயே இருந்து தாளம் கொடுக்கும் கிரிஸ்டல்தான் நல்லது. வெளியிலிருந்து கேபிளில் கிளாக் வந்தால் உள்ளே இருக்கும் பிஎல்எல் (வரும் தாளத்தோடு தன் தாளத்தைப் பொருத்தும் சர்க்யூட்) அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அதில் ஜிட்டர் கூடவும் வாய்ப்புண்டு. கம்ப்யூட்டர் என்றால் அசிங்க்ரனஸ் யுஎஸ்பி போதும். அதில் டிஏசியின் கிளாக் கேட்கும் வேகத்துக்குக் கம்ப்யூட்டர் தரவைக் கொடுக்கும்.

நான் நான்கு வருடங்களுக்கு முன் வாங்கினேன். தம்புரா ஒலிக்கு அடியில் ஏதோ கலங்கலாக இருக்கிறது என்று கடையில் சொன்னதும், "ஜிட்டர் சார், கிளாக் போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். டிஏசியைவிடக் கூடுதல் விலை. முதல் வாரம் தெளிந்துவிட்டதாகவே நம்பினேன். அப்புறம் சந்தேகம் வந்து, என் மகளிடம் எனக்குக் காட்டாமல் கிளாக்கை இணைத்தும் எடுத்தும் வைக்கச் சொன்னேன். 20 முறையில் 11 முறைதான் சரியாகச் சொன்னேன். அது வெறும் ஊகம்.

எனக்குக் காது இல்லை என்று சிலர் எழுதக்கூடும். 30 வருடங்களாகக் கச்சேரி கேட்கிறேன். 1998இல் பெஞ்சமின், கானன் என்ற ஆடியோ ஆய்வாளர்கள் நடத்திய சோதனையிலும், இசையில் 20 நானோ செகண்டுக்குக் (ஒரு நானோ செகண்ட் என்பது செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு) குறைவான ஜிட்டரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்று நடுத்தர விலை டிஏசியே ஒரு நானோ செகண்டுக்குள் நிற்கிறது. ஜிட்டரே பொய் என்று நான் சொல்லவில்லை. பழைய கருவிகளில் அது உண்மையான தொல்லைதான்.

என் வீட்டுக் கலங்கலுக்குக் காரணம் எர்த். ஃபிளாட்டில் எல்லாம் மூன்று பின் சாக்கெட்தான், ஆனால் எர்த் பின்னுக்குப் பின்னால் வயரே இல்லை. கசியும் மின்சாரம் ஆடியோ கேபிளின் உறை வழியாகப் போய் 50 ஹெர்ட்ஸ் ஹம் (தாழ்ந்த ரீங்காரம்) கொடுத்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் எர்த் இழுத்த அன்றே தம்புரா தெளிந்தது.

ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதே சாக்கெட்டுகளில்தான் அத்தனை வருடம் ஓடின, குழந்தைகள் இருக்கிற வீட்டில். கட்டிக் கொடுத்தவருக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மற்ற 23 வீடுகளுக்கும் இன்னும் எர்த் இல்லை.