எனக்குக் குளிர்கிறது

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் கடிதம், சற்றே சுருக்கி.)

வணக்கம் அக்கா,

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக் வந்து ஏழு வருடமாகிறது. இங்கே பல்கலைக்கழகத்தில் ஐஸ்லாந்திக்கை இரண்டாம் மொழியாகப் படித்து முடித்தேன். இப்போது ஒரு சர்வதேசப் பள்ளியில், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வாரம் எட்டு பீரியட் ஐஸ்லாந்திக் சொல்லித்தர முடியுமா என்று கேட்கிறார்கள். பகுதி நேர வேலை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பேசினால் வெளிநாட்டுக்காரி என்று உடனே தெரிந்துவிடும். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கும்போது நான் எப்படி? அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டு வருடத்தில் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். நாலு லட்சம் பேர்கூடப் பேசாத மொழி எதற்கு என்று சில பெற்றோரே கேட்கிறார்களாம். நீங்கள் இங்கே இருந்தபோது இதே வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். ஒப்புக்கொள்ளலாமா?

அன்புத் தங்கைக்கு,

ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் எதைக் குறை என்று நினைக்கிறீர்களோ அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு ஜனவரியில், இடைவேளை முடிந்து உள்ளே வந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தேய்த்துக்கொண்டே 'யெக் எர் கெல்ட்' என்றாள். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்' என்று சொல்வதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தாள். அங்கே அப்படிச் சொல்லமாட்டார்கள், 'மியெர் எர் கால்ட்' என்பார்கள். மியெர் என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது! எனக்குப் போரடிக்கிறது என்பது 'மியெர் லெய்திஸ்ட்', எனக்குத் தோன்றுகிறது என்பது 'மியெர் ஃபின்ஸ்ட்'. ஆங்கிலம் வழியாக வரும் பிள்ளைகள் இந்த 'எனக்கு'வில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள், நமக்கோ அது வீட்டுப் பேச்சு. நாம் வழுக்குகிற இடமும் அதுதான். ஐஸ்கிரீம் வேண்டும் என்று சொல்ல நம் வாயில் 'மியெர் லௌங்கர்' என்றுதான் வரும், இலக்கணப்படி அது 'மிக் லௌங்கர்', அதாவது 'என்னை'. அங்கேயே பிறந்தவர்களில் பலரும் 'மியெர்' என்றுதான் சொல்கிறார்கள், பள்ளிக்கூடங்கள் திருத்திக்கொண்டே இருக்கின்றன, அந்தப் பிழைக்கு 'தௌகுஃபால்ஸ்சீகி' என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். நம் இலக்கணத்தில் சொன்னால் நான்காம் வேற்றுமை நோய். (குழந்தை பேசுவதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.) தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு எது சரி என்று தெரியும். ஒரு பிள்ளை ஏன் அங்கே தவறுகிறது என்று, அந்த வழியில் நடந்து வந்த உங்களுக்குத்தான் சட்டென்று தெரியும்.

உச்சரிப்பு பற்றிக் கவலை வேண்டாம். அந்த நாட்டில் இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குடியேறி வந்தவர். பிள்ளைகள் கடையிலும் பஸ்ஸிலும் பல விதமான ஐஸ்லாந்திக்கைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். தன்னைப்போல வெளியிலிருந்து வந்த ஒருத்தி அந்த மொழியில் கூச்சமில்லாமல் பேசுவதைப் பார்ப்பதே அவர்களுக்குப் பெரிய தைரியம்.

சரி, எப்படிச் சொல்லித்தருவது? நான் முதல் மாதம் பலகையில் கட்டம் போட்டேன். குதிரைக்கு ஹெஸ்துர், ஹெஸ்ட், ஹெஸ்டி, ஹெஸ்ட்ஸ் என்று நாலு வேற்றுமை. பிள்ளைகள் அழகாக எழுதினார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் இதை 'இதோ குதிரை, குதிரையைப் பற்றி, குதிரையிடமிருந்து, குதிரையிடம்' என்ற பொருளில் ராகமாகச் சொல்லித்தான் பழகுகிறார்கள், நாம் ஐ, ஆல், கு என்று ஒப்பித்தோமே அதேபோல. அதைக் கைதட்டிச் சொல்ல வைத்தேன், கொஞ்சம் வாய் திறந்தது. அப்புறம் பேக்கரிக்குக் கூட்டிப்போனேன்.

பேக்கரியில்தான் உண்மையான வகுப்பு நடந்தது. தட்டுத்தடுமாறி யாராவது ஐஸ்லாந்திக் பேசினால் எதிரில் இருப்பவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர் உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார், ஆனால் கற்கிறவருக்கு வாசல் அங்கேயே அடைபட்டுவிடுகிறது. அதனால் முந்தின நாளே போய், தயவுசெய்து நாளைக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். ஒன்றிலிருந்து நாலு வரையான எண்கள் பாலுக்கு ஏற்ப மாறும், வேற்றுமைக்கு ஏற்பவும் மாறும். இரண்டு ஆண் என்றால் 'த்வெய்ர்', இரண்டு பெண் என்றால் 'த்வைர்', இரண்டு குழந்தை என்றால் 'த்வெ', இரண்டு ஸ்னூதுர் ரொட்டி கேட்கும்போது 'த்வோ'. ஒரு பையன் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டு, ரொட்டியைக் கொடுத்து, சரியான வடிவத்தை ஒரே ஒரு தடவை திரும்பச் சொன்னார். அடுத்த வாரம் அவன்தான் முதலில் போய் நின்றான்.

இரண்டு வருடத்தில் போய்விடுகிற பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்லி வந்தது இதுதான்: குழந்தைக்கு இரண்டு வருடம் என்பது மிக நீண்ட காலம். அத்தனை நாளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடுவதை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லாதீர்கள். பேசுகிறவர்கள் எத்தனை லட்சம் என்பது அந்தப் பிள்ளைக்குக் கணக்கே இல்லை. அந்தத் தெருவில் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

நவம்பர் 16 அங்கே ஐஸ்லாந்திக் மொழி நாள், கவிஞர் யோனாஸ் ஹால்க்ரிம்ஸனின் பிறந்தநாள், 1996 முதல் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் பிள்ளைகளோடு சொல் செய்து பாருங்கள். கணினிக்கு அவர்கள் சொல் 'தெல்வா', 1960-களில் உண்டாக்கியது, எண் என்ற சொல்லையும் குறிசொல்லும் பெண் என்ற சொல்லையும் சேர்த்துச் செய்தது. கணினி, மின்சாரம் என்று சொல்லி வளர்ந்த உங்களுக்கு அந்த வேலையின் ருசி தெரியும்.

கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஆசிரியர் என்ற பட்டம் அங்கே சட்டத்தால் காக்கப்படுவது, உரிமம் இல்லாதவரை 'லெய்த்பெய்னந்தி' என்ற பெயரில் எடுப்பார்கள். உங்களை எந்தப் பெயரில் எடுக்கிறார்கள், பாடம் தயாரிக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, ஆறு வயதையும் பன்னிரண்டு வயதையும் ஒரே அறையில் உட்காரவைப்பார்களா என்று கேளுங்கள். முக்கியமாக, நீச்சல் வகுப்பிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ பிள்ளைகளை எழுப்பி உங்களிடம் அனுப்பக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். என் பள்ளியில் ஒரு வருடம் அப்படித்தான் செய்தார்கள், நீச்சல் போன கோபத்தோடு வந்து உட்கார்ந்த பிள்ளைகளிடம் என்னால் ஒரு சொல்கூட வாங்க முடியவில்லை, கெஞ்சிக் கேட்டு அடுத்த வருடம்தான் நேரத்தை மாற்றினேன்.

பிள்ளைகள் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அங்கே எல்லா ஆசிரியர்களையும் அப்படித்தான். முதல் வாரம் என்னவோபோல இருக்கும், பழகிவிடும். பேக்கரிக்குக் கிளம்பும்போது பையில் நாலைந்து ஜோடி கையுறை வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் கட்டாயம் மறந்துவிட்டு வருவார்.