பாய்லர், வைஃபை, கைப்பேசி: வாசகர் கேள்வி பதில்

அக்டோபர் கடைசியில் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் பாய்லர் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பெரும்பாலானவற்றில் ஒரே ஆசைதான்: போர்வைக்குள் இருந்தபடியே ஹீட்டிங்கைப் போட வேண்டும். பொதுவாகப் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்களுடையது பழைய காம்பி பாய்லர், ஹீட்டிங்கும் குழாய் வெந்நீரும் அதிலிருந்தேதான். ஹால் சுவரில் திருகுகிற தெர்மோஸ்டாட் ஒன்று, அதற்குள் இரண்டே வயர். இதை வைஃபையில் இணைக்க எதை வாங்குவது? தானே மாட்டிவிடலாம் என்கிறார் கணவர். (ஒரு வாசகி, ஹாரோ)

உங்கள் பாய்லருக்கு வைஃபை தெரியாது, தெரியவும் வேண்டாம். இரண்டு முனைகள் சேர்ந்தால் எரியும், பிரிந்தால் அணையும், அவ்வளவுதான் அதன் அறிவு. அந்த இரண்டு முனைகளையும் இதுவரை சேர்த்துப் பிரித்தது ஹாலில் இருக்கும் திருகு. இனி அந்த வேலையை ரிசீவர் என்ற சின்னப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், செய்யும். கைப்பேசி ஆப், இன்டர்நெட், ரௌட்டர் எல்லாமே அந்த ரிலேயைத் தட்டுவதற்கான ஏற்பாடுதான்.

ஆகவே பிராண்டைத் தேடும் முன் பாய்லரின் இன்ஸ்டலேஷன் மேனுவலைத் தேடுங்கள். பாய்லரின் அடியிலோ கீழ் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் பெயரும் 'ஜிசி' எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வைத்துத் தேடினால் சரியான மேனுவல் கிடைக்கும். அதில் ரூம் தெர்மோஸ்டாட்டுக்கான முனைகளில் எத்தனை வோல்ட் ஓடுகிறது என்று பாருங்கள். எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

230 வோல்ட் என்றால், ரிசீவரில் 'எல்' (லைவ்) முனையிலிருந்து 'காம்' (ரிலேயின் பொது) முனைக்கு ஒரு சிறு இணைப்பு வயர் போட வேண்டும். 'என்ஓ' (ரிலே அணைந்திருக்கும்போது பிரிந்திருக்கும்) முனையிலிருந்து வரும் வயர், பாய்லரை எரியச் சொல்லும் ஸ்விட்ச்டு லைவ் முனைக்குப் போகும். 24 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தம் என்றாலோ, 'வோல்ட் ஃப்ரீ' (வெளி மின்சாரம் படக்கூடாத முனை) என்று மேனுவல் சொன்னாலோ, அந்த இணைப்பு வயர் கூடவே கூடாது. 'காம்', 'என்ஓ' இரண்டும் பாய்லரின் இரண்டு முனைகளுக்கு நேராகப் போகும். ரிசீவருக்கு வேண்டிய 230 வோல்ட் தனியாக வரும். இதை மாற்றிப் போட்டால் மின்சாரம் சர்க்யூட் போர்டுக்குள் புகுந்து அதைக் கருக்கிவிடும். போர்டின் விலையில் இன்னொரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டே வாங்கலாம்.

ஹாலில் இரண்டே வயர் என்றால் அங்கே பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. அதனால் ரிசீவரை பாய்லர் பக்கத்தில் பொருத்துங்கள். பாய்லரின் உலோகப் பெட்டியிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் சிக்னல் திணறும். பாய்லருக்கு மின்சாரம் வரும் அதே ஃபியூஸ்டு ஸ்பரிலிருந்துதான் (ஃபியூஸ் உள்ள சுவர் சுவிட்ச்) ரிசீவருக்கும் எடுக்க வேண்டும். ஃபியூஸ் 3 ஆம்பியர். இரண்டுக்கும் ஒரே ஸ்பர் இருந்தால்தான் ஒரே சுவிட்சில் இரண்டும் செத்துப்போகும். வேறு வேறு இடத்திலிருந்து எடுத்தால், 'ஆஃப்' என்று நம்பிக் கைவைக்கிற ஆள் அடி வாங்குவார்.

ஹாலுக்குப் போகும் பழைய வயரை பாய்லர் பக்கத்திலேயே கழற்றி, முனைகளை கனெக்டர் பிளாக்கில் அடக்கிவிடுங்கள். அதைப் புது ரிலேயோடு இணையாக விட்டால் பழைய திருகும் பாய்லரைக் கிளப்பும். தொடராக விட்டால் திருகு குறைந்திருக்கும்போது ஆப் என்ன சொன்னாலும் பாய்லர் அசையாது.

கணவர் விஷயம். வயரிங் என்பது மின்வேலை. மெயின்ஸை அணைத்து, ஃபியூஸை உருவி, டெஸ்டரால் உறுதி செய்து வேலை செய்யத் தெரிந்தவர் செய்யலாம். தெரியாதவர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டும். ஆனால் சில பாய்லர்களில் முன் மூடியே எரியறையை அடைக்கும் மூடியாகவும் இருக்கிறது. அதைக் கழற்றினால் அது கேஸ் வேலை, கேஸ் வேலைக்கான 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் பழைய 'கார்கி' பதிவு செல்லாது. வருகிறவரின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும்.

இவ்வளவு எதற்கு? பாய்லரின் மின் இணைப்பில் ஒரு வைஃபை பிளக் போட்டால் போதாதா? (ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம்)

போதாது, போடவும் கூடாது. பாய்லர் அணைந்த பிறகும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சூடு தேங்கி நிற்கும். அதை இறக்க பம்ப் சில நிமிடம் ஓட வேண்டும். மின்சாரத்தையே வெட்டினால் பம்ப் அந்த நொடியே நின்றுவிடும், உள்ளே தங்கிய நீர் கொதிக்கும். குளிரில் குழாய் உறையாமல் இருக்க பாய்லர் தானே விழித்து எரியும் ஏற்பாடும் போய்விடும். காம்பி என்றால் குழாயில் வெந்நீரும் வராது. பாய்லருக்கு நிரந்தர லைவ் எப்போதும் இருந்தாக வேண்டும்.

இதே கடிதத்தில் மலிவு விலை வைஃபை ரிலே பற்றியும் கேட்டிருக்கிறார். சிலவற்றில் வெளியே வருவது வெறும் தொடர்பு முனை. சிலவற்றில் வெளியே வருவதே 230 வோல்ட். இரண்டாம் வகையைக் குறைந்த வோல்ட் பாய்லரில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே பாருங்கள்.

ஓப்பன்தெர்ம் உள்ள தெர்மோஸ்டாட் வாங்கினேன். வந்த எஞ்சினியர் அதைச் சாதாரண ஆன்-ஆஃப் ஆகவே மாட்டிவிட்டுப் போனார். ஏமாற்றிவிட்டாரா? (ஒரு வாசகர், லெஸ்டர்)

பாய்லரைப் பார்க்காமல் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆன்-ஆஃப் ரிலே 'எரி', 'அணை' என்ற இரண்டு சொல் மட்டுமே பேசும். ஓப்பன்தெர்ம் என்பது தெர்மோஸ்டாட்டும் பாய்லரும் பேசிக்கொள்ளும் ஒரு மொழி, அது 'ரேடியேட்டருக்கு 48 டிகிரி நீர் போதும்' என்று சொல்லும். அறை இலக்கை நெருங்க நெருங்க பாய்லர் தீயைத் தணித்துக்கொண்டே வரும். இதில் லாபம் எங்கே என்றால், கண்டென்சிங் பாய்லர் தன் பெயருக்கேற்ப வேலை செய்ய, ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தை விட்டுக்கொடுக்கும்.

எல்லா பாய்லரும் இந்த மொழி பேசாது. ஐடியல் லாஜிக், பாக்ஸி வகைகள் பலவற்றில் ஓப்பன்தெர்ம் உண்டு. வைலன்ட் பாய்லருக்கு ஈபஸ், வூஸ்டர் போஷுக்கு ஈஎம்எஸ் என்று தனி மொழி; அவற்றின் முழுப் பலன் அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கன்ட்ரோலில்தான் கிடைக்கும். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் எஞ்சினியர் செய்தது சரி. ஓப்பன்தெர்ம் முனைகள் இருந்தும் மாட்டவில்லை என்றால் திரும்பக் கூப்பிடுங்கள். இரண்டு வயர்தான், எதை எதில் போட்டாலும் சரி. ஆனால் அது குறைந்த மின்னழுத்த முனை, மெயின்ஸ் அருகே வரக்கூடாது. ஓப்பன்தெர்ம் இணைத்தபின் பழைய ஆன்-ஆஃப் வயர்கள் என்ன ஆக வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

எப்படியானாலும் இன்றே, காசு செலவில்லாமல், ஒன்று செய்யலாம். காம்பி பாய்லரின் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட திருகு 75, 80 டிகிரியில் நிற்கும். 60க்கு இறக்குங்கள். வீடு சூடாவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். தனி வெந்நீர் சிலிண்டர் உள்ள வீட்டில் இதை அப்படியே செய்யாதீர்கள். சிலிண்டர் நீர் லெஜியோனெல்லா கிருமி வளராதபடி 60 டிகிரியில் இருக்க வேண்டும், அதற்கு பாய்லர் நீர் அதைவிடச் சூடாக வர வேண்டும்.

ஆப்பில் 'ஆஃப்'. பாய்லர் மட்டும் எரிகிறது! (ஒரு வாசகி, க்ராய்டன்)

முதலில் ரிசீவரின் விளக்கைப் பாருங்கள். அது 'ஆன்' காட்டினால் பிரச்சினை ஆப்பிலோ தெர்மோஸ்டாட்டிலோ இருக்கிறது: மறந்துபோன அட்டவணை, வீட்டில் வேறொருவர் கைப்பேசியிலிருந்து போட்டது, பேட்டரி தீர்ந்த தெர்மோஸ்டாட் கடைசியாகச் சொன்னதையே ரிசீவர் பிடித்துக்கொண்டிருப்பது. 'ஆஃப்' காட்டியும் எரிந்தால் வயரிங் பக்கம் வாருங்கள்.

புது பாய்லர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பலவற்றில் தெர்மோஸ்டாட் முனைகளுக்கு நடுவே ஒரு குட்டி இணைப்பு வயர் இருக்கும். தெர்மோஸ்டாட் மாட்டுகிறவர் அதை எடுக்க மறந்தால் பாய்லருக்கு எப்போதும் 'எரி' என்றே கேட்கும். அடுத்தது 'என்ஓ'வுக்குப் பதில் 'என்சி' (ரிலே அணைந்திருக்கும்போது சேர்ந்திருக்கும்) முனையில் வயர் இருப்பது. இதில் எல்லாம் தலைகீழாக நடக்கும்: 'ஆன்' என்றால் அணையும், 'ஆஃப்' என்றால் எரியும். கண்டுபிடிக்கச் சுலபம், ஆனால் பலர் ஆப்பைத்தான் திட்டுகிறார்கள்.

சிலிண்டர் உள்ள வீடு என்றால், ரேடியேட்டருக்கும் சிலிண்டருக்கும் நீரைத் திறந்து மூடும் மோட்டார் வால்வைச் சந்தேகியுங்கள். வால்வுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், வால்வு மூடிய பிறகும் அதன் ஆரஞ்சு வயர் பாய்லரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வால்வின் தலையை மட்டும் மாற்றினால் போதும், பெரும்பாலும் நீரை வடிக்க வேண்டாம். மூன்று வழி வால்வு உள்ள வீட்டில் நேர்மாறான ஒரு வம்பும் உண்டு: வெந்நீர் ஆனில் இருந்தால்தான் ஹீட்டிங் வேலை செய்யும். ரிசீவரின் 'வெந்நீர் ஆஃப்' முனையிலிருந்து வால்வின் சாம்பல் வயருக்கு இணைப்பு கொடுக்காமல் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்கும் தனித்தனி ரிலே உள்ள இரண்டு சேனல் ரிசீவர்தான் வாங்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக, காம்பி பாய்லர் யாரும் கேட்காமலே சில நிமிடம் எரிந்து அணைகிறது, ரேடியேட்டர் சில்லென்றிருக்கிறது என்றால் அது பழுதே அல்ல. வெந்நீர் சீக்கிரம் வருவதற்காக அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. முகப்பில் 'ஈகோ' பொத்தானை அழுத்தினால் நிற்கும். குழாயில் வெந்நீர் வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

புது ரௌட்டர் வந்த நாளிலிருந்து தெர்மோஸ்டாட் இணைய மறுக்கிறது. (மூன்று வாசகர்கள்)

வைஃபை தெர்மோஸ்டாட்டில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். புது ரௌட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் அனுப்பும். கைப்பேசி 5இல் நின்றுகொண்டு தெர்மோஸ்டாட்டை அறிமுகப்படுத்தப் பார்த்தால் சில மாடல்கள் குழம்பிப்போகும். ரௌட்டர் அமைப்பில் 5ஐத் தற்காலிகமாக அணைத்து, இணைத்துவிட்டு, மறுபடி போடுங்கள். பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3' மட்டும் என்றிருந்தால் 'டபிள்யூபிஏ2/3' ஆக மாற்றுங்கள். விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள்.

இதைவிடச் சுலபமான வழி, புது ரௌட்டருக்குப் பழைய ரௌட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் வைத்துவிடுவது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒன்றும் நடக்காததுபோல் ஒட்டிக்கொள்ளும். ஹைவ் போல ஹப் வைத்து இயங்குவதென்றால் ஹப்பின் கேபிளைப் புது ரௌட்டரில் செருகினால் முடிந்தது.

வீட்டில் யாரும் இல்லாதபோது தானாக அணையும் வசதியைப் போட்டோம். நாங்கள் வேலைக்குப் போனதும் அம்மா குளிரில் உட்கார்ந்திருக்கிறார். (ஒரு வாசகர், டூட்டிங்)

அந்த வசதி ஆட்களை எண்ணுவதில்லை, கைப்பேசிகளைத்தான் எண்ணுகிறது. அம்மாவின் கைப்பேசி கணக்கில் இல்லை, ஆகவே ஆப்பைப் பொறுத்தவரை வீடு காலி. பழைய கைப்பேசி ஒன்றை அதே கணக்கில் சேர்த்து வீட்டிலேயே சார்ஜரில் போட்டுவைக்கலாம். அதைவிட, அந்த வசதியை அணைத்துவிட்டு நேர அட்டவணையில் ஓட்டுவது நல்லது. வயதானவர் பகலில் இருக்கும் அறைக்கு 18 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். சுவரிலேயே திருகியோ அழுத்தியோ மாற்றக்கூடிய தெர்மோஸ்டாட்டாக இருக்கட்டும். எண்ணெய் முழுக்கு நாளில் ஒரு டிகிரி கூட்ட அவர் உங்கள் மீட்டிங் முடியக் காத்திருக்கக் கூடாது.

2014இல் வாங்கிய நெஸ்ட் தெர்மோஸ்டாட் ஆப்பிலிருந்து மறைந்துவிட்டது. (ஒரு வாசகர், மில்டன் கீன்ஸ்)

பழுதில்லை. முதல், இரண்டாம் தலைமுறை நெஸ்ட்களுக்கான ஆப் இணைப்பை கூகுள் 2025 அக்டோபர் 25 அன்று நிறுத்திவிட்டது. ஐரோப்பாவில் 2014இல் விற்றதும் அதில் சேரும். சுவரில் திருகி இன்னும் பயன்படுத்தலாம். புதிதாக வாங்கும்போது எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்பதைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் விற்கும் இணையக் கருவிகளுக்கு அந்தக் காலத்தை நிறுவனம் வெளியிட்டே ஆக வேண்டும்.

டிசம்பரில் ஒரு மாதம் யாழ்ப்பாணம் போகிறோம். ஆப் இருக்கிறதே, அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாமா? (ஒரு வாசகி, ஹாரோ)

வெப்பநிலையைப் பார்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். ஹீட்டிங்கை முழுதாக அணைத்துவிட்டுப் போகாதீர்கள். 12 டிகிரியில் நிறுத்துங்கள். வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தில் குளிர்கால ஆளில்லா வீட்டுக்கு வேறு எண் சொல்லியிருந்தால் அதையே வையுங்கள். இன்டர்நெட் அறுந்தாலும் நல்ல தெர்மோஸ்டாட் தனக்குள் இருக்கும் அட்டவணைப்படி ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரியைக் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

ஆப்பால் முடியாதவை இரண்டு. பாய்லரின் நீர் அழுத்தம் இறங்கினால் ஃபில்லிங் லூப்பை (குழாய் நீரை உள்ளே விடும் இணைப்பு) திறந்து ஏற்ற ஆள் வேண்டும். கிளம்பும் முன், பாய்லர் ஆறியிருக்கும்போது, முள் 1க்கும் 1.5 பாருக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். மற்றது, பாய்லரில் நீராவி குளிர்ந்து சேரும் நீரை வெளியேற்றி வெளிச்சுவரில் ஓடும் வெள்ளைக் கண்டென்சேட் குழாய் கடும் குளிரில் உறைவது. வடிகிற நீர் பின்னுக்கு ஏறி, களகளவென்று சத்தம் போட்டு, பாய்லர் தன்னைப் பூட்டிக்கொள்ளும். மெல்லிய 21.5 மில்லிமீட்டர் குழாய் வெளியே நீளமாக ஓடினால் போகும் முன்பே அதை 32 மில்லிமீட்டராக மாற்றி, வெயில் மழை தாங்கும் உறை போடச் சொல்லுங்கள். பூட்டிக்கொண்ட பாய்லரை விடுவிக்க, சாவி வைத்திருக்கும் உறவினர் குழாய்மேல் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, உறைந்தது இளகியபின் ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். கொதிநீர் ஊற்றக் கூடாது, குழாய் வெடிக்கும். இரண்டாம் முறையும் பூட்டிக்கொண்டால் மறுபடி மறுபடி அழுத்தாமல் கேஸ் சேஃப் எஞ்சினியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.