ஹுவா ஹின்னா, பினாங்கா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 61 வயது. தஞ்சாவூர்ப் பக்கம். முப்பது வருடமாகச் சிங்கப்பூரில் வேலை, பிஆர் (நிரந்தரவாசம்) வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட் இந்தியாதான். ஒரே மகன், கனடாவில். அடுத்த வருடம் ஓய்வு. ஊருக்குத் திரும்புகிற எண்ணம் இல்லை, சிங்கப்பூர் வாடகையும் இனி கட்டுப்படியாகாது. பிஆரைக் கொடுத்துவிட்டு சிபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு தாய்லாந்தில் ஹுவா ஹின் போய்விடலாம் என்று இருக்கிறேன். மாதம் ஐம்பதாயிரம் பாட் இருந்தால் ராஜா மாதிரி வாழலாம் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். நண்பர்கள் பினாங்கு என்கிறார்கள், ஒருவர் பாலி என்கிறார். நீங்கள் இந்தப் பக்கமெல்லாம் இருந்தவர், எது நல்லது? நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு எங்கே கஷ்டமில்லை என்றும் சொல்லுங்கள்.

எஸ்., உட்லண்ட்ஸ்

அன்புள்ள எஸ்.,

அந்தக் காணொளிகளை நானும் பார்க்கிறேன். பேசுகிறவர்கள் எல்லோரும் நன்றாக நடமாடுகிறவர்கள். வாடகை, மசாஜ், இளநீர் விலை எல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள். எந்த நாடு மலிவு என்பது உங்களுடைய இன்றைய கேள்வி. 78 வயதில் உங்கள் மனைவி தனியாக இருக்க நேர்ந்தால் எந்த நாட்டில் சமாளிப்பார் என்று கேட்டுப் பாருங்கள், வரிசை மாறிவிடும். நான் அதை வைத்தே சொல்கிறேன்.

ஹுவா ஹின் நல்ல ஊர்தான். கடல் இருக்கிறது, பாங்காக்கின் பெரிய ஆஸ்பத்திரிகள் காரில் மூன்று மணி நேரம். 50 வயது தாண்டியவருக்கு விசாவும் சுலபம். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைக்கவேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிப்பு, 90 நாளுக்கு ஒருமுறை குடிநுழைவுத் துறையில் முகவரிப் பதிவு. இதுவரை சிக்கலில்லை. ஆனால் அந்த 8 லட்சத்தை, நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்புவரை தொடக்கூடாது. மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. பணம் உங்களுடையதுதான், ஐசியூ பில் கட்ட மட்டும் எடுக்கமுடியாது.

அடுத்தது மனைவியின் விசா. அவரை உங்களைச் சார்ந்தவராகக் காட்டினால் இரண்டாவது 8 லட்சம் தேவையில்லை என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நீங்கள் போய்விட்டால் அந்தச் சார்பு விசாவுக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கோ, நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கும்வரை முடங்கிக் கிடக்கும். காரியம் முடிந்த கையோடு அந்தம்மா வக்கீலையும் மொழிபெயர்ப்பாளரையும் தேடி அலையவேண்டும். அப்படி அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். தாய்லாந்துதான் என்று முடிவு செய்தால் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு விசா, அங்கேயே எழுதிய உயில், இவை மூன்றும் முதல் வருடத்திலேயே முடிந்திருக்கவேண்டும்.

வரியையும் பாருங்கள். வருடத்தில் 180 நாள் தங்கினால் வரிக் கணக்கில் நீங்கள் அந்த நாட்டுவாசி. 2024 ஜனவரிக்குப் பிறகு ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் கணக்குக் காட்டவேண்டும். பழைய காணொளிகளில் இந்தப் பேச்சே இருக்காது.

பினாங்கில் நுழைவதுதான் கடினம். வெளிநாட்டவர் நெடுங்காலம் தங்க மலேசிய அரசு கொடுக்கும் எம்எம்2எச் விசா 2002இல் தொடங்கியபோது நடுத்தர வருமானக்காரருக்கும் எட்டுகிற திட்டமாக இருந்தது. 2021இல் திடீரென்று மாத வருமானம் 40,000 ரிங்கிட், நிரந்தர வைப்பு 10 லட்சம் ரிங்கிட் என்று ஏற்றினார்கள். ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கும் இதுதான் என்றார்கள், எதிர்ப்பு வந்தபின் தளர்த்தினார்கள். 2024இல் மறுபடியும் மாற்றம். இப்போது கீழ்த்தட்டான சில்வருக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு, குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு. அந்த வீட்டைப் பத்து வருடம் விற்கமுடியாது. வைப்பில் பாதியை வீடு, வைத்தியம் போன்ற செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று 50 வயதைத் தாண்டியவருக்கு 32,000 டாலர்தான் என்று ஒரு பிரிவும் உண்டு. அது ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டிக்காகக் கொண்டுவந்தது. மலிவாக இருக்கிறதே என்று முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு நாள் சாயங்காலம் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவையும் மீறி நான் பினாங்கு என்றுதான் சொல்வேன். மேடானிலிருந்து இந்தோனேசியர்கள் வைத்தியத்துக்கென்றே விமானம் ஏறி வருகிற ஊர் அது. வார்டில் தமிழ் பேசும் நர்ஸ் இருக்க நிறைய வாய்ப்புண்டு. எங்கே வலிக்கிறது என்று உங்கள் மனைவி தமிழிலேயே சொல்லிவிடலாம். நான் பாங்காக்கில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது ஏங்கியது இதற்குத்தான். வீட்டில் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி பாடும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கிறது. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பத்து லஞ்சாங்கில் இந்து மயானம் இருக்கிறது, சடங்கு தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவிலிருந்து மகன் வந்து சேரும்வரை நாலு தமிழர் கூடவே இருப்பார்கள். வெளிநாட்டு வருமானத்தைத் தனிநபர் உள்ளே கொண்டுவருவதற்கு 2036 கடைசிவரை வரிவிலக்கும் கொடுத்திருக்கிறார்கள். பினாங்கு தீவில் வீட்டு விலை எட்டாவிட்டால் ஈப்போவைப் பாருங்கள், எனக்கு அந்த ஊர் இன்னும் பிடிக்கும்.

பாலி சொன்ன நண்பர் கோயில்களைப் பார்த்துச் சொல்லியிருப்பார். அவர்கள் வழிபாடு வேறு, நம் வழிபாடு வேறு. வெளிநாட்டுக்காரர் அங்கே நிலத்துக்கு முழு உரிமையாளர் ஆகமுடியாது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் பறிகொடுத்தவர்கள் நிறைய. வியட்நாம் எனக்குப் பிடித்த நாடு, ஆனால் ஓய்வு விசா என்று ஒன்றே கிடையாது. 90 நாள் இ-விசாவில் வந்து வந்து போகவேண்டும், எழுபது வயதில் அந்த ஓட்டம் முடியாது. கம்போடியாவில் விசா எளிது, ஆனால் பெரிய வியாதி வந்தால் பாங்காக்தான். பிலிப்பீன்ஸில் ஓய்வுக்கென்று 1985இலிருந்தே தனி அரசு அமைப்பு இருக்கிறது, ஆங்கிலம் போதும், வீட்டோடு பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். நீங்கள் புயலுக்குப் பயப்படாதவர் என்றால், மகன் வந்துபோகவும் அதுதான் வசதி என்றால் மணிலாவை ஒருமுறை பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது சிபிஎஃப் பற்றிய வரி. பிஆரைத் துறந்தால்தான் மொத்தமாக எடுக்கமுடியும். துறந்த அன்றே மெடிஷீல்ட் லைஃப் மருத்துவக் காப்பீடு போய்விடும். பழைய வியாதி இருந்தாலும், எந்த வயதானாலும் விலக்காத காப்பீடு அது. 61 வயதில், பிபி சுகர் இருந்தால், அதற்கு ஈடான ஒன்றை எந்தத் தனியார் நிறுவனமும் தராது. துறக்காமல் இருந்தால் 65 வயதிலிருந்து சிபிஎஃப் லைஃப் என்கிற ஓய்வூதியம் மாதாமாதம் ஆயுள் முழுக்க வரும், வெளிநாட்டில் இருந்தாலும் வரும். வெளிநாட்டில் இருக்கும்போது பிஆரைக் காப்பாற்றித்தரும் ரீ-என்ட்ரி பெர்மிட்டை ஒவ்வொரு முறையும் புதுப்பித்துத் தருவார்களா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, ஆனால் கையில் இருப்பதை நாமே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டாமே. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இப்போதைக்கு மலேசியாவில் 30 நாள் விசா வேண்டாம். முதல் வருடம் எதையும் வாங்காமல், வாடகைக்கு எடுத்து, ஒரு தடவைக்கு ஒரு மாதத்துக்கு மேற்படாமல் போய் இருந்து பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் கட்டாயம் இருங்கள், சுமத்ராவில் காடு எரிந்தால் புகை அப்போதுதான் வரும். உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அப்புறம், சாப்பாடு. பினாங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. தாய்லாந்தில் சைவம் என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பில் ஜே என்று எழுதியிருக்கும் கடைக்குப் போங்கள். அங்கே பூண்டுகூட இருக்காது.